ராஜா மாமா மாட்டிய விசிறி

11 ஆகஸ்ட் 1984, சனி

மழை இல்லை. இன்றோடு ஆறு நாள். தண்ணீர்த் தொட்டியில் பாதிதான்.

பழைய அறிவியல் நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்னால் திறந்தால் தவளையின் குடல் படம். அதற்கு மேல் யாரும் புரட்டமாட்டார்கள். ரப்பர் தோட்டத்து லைட் நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் விளக்கு, திரி அடிமட்டத்தில். கொசு.

மத்தியானம் ராஜா மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சிரம்பானில், தெமியாங் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. இனிமேல் ரா.மா. என்றே எழுதுவேன், யாராவது எடுத்துப் படித்தாலும் தெரியாது. (மேலே முழுப் பெயரையும் எழுதிவிட்டேன். அடித்தால் இன்னும் சந்தேகம் வரும். இருக்கட்டும்.)

தோளில் சாக்கு மூட்டை. உள்ளே ஒரு விசிறி. பழைய இரும்புக் கடையில், நசுங்கிப்போன ஜப்பான் காடி (கட்டுரையில் 'கார்' என்று எழுத வேண்டும்) ஒன்றிலிருந்து கழற்றியதாம். மோட்டார், நான்கு ரெக்கை, இரண்டு ஒயர்.

எங்கள் காடிக்குத்தான். அப்பா தோட்டத்து லாரி ஓட்டுகிறார். காடி அவருடைய சொந்தம், பழைய வெள்ளைக்காரன் காடி, என்னைவிட ஐந்து வயது பெரியது. போன மாதம் லிங்கி ஆற்றுப் பாலத்தில் 'டப்' என்று சத்தம். பெல்ட்டில் சுற்றுகிற விசிறியின் ரெக்கை ஒன்று உடைந்து ரப்பர் குழாயைக் கிழித்துவிட்டது. அந்த மாதிரி ரெக்கை இப்போது எங்கும் இல்லை. ஆவணி பிறந்ததும் அக்காவை அழைத்து வரவேண்டும். அக்கா இருப்பது கோலா கிளாவாங்கில். ஏழு மாதம். தலைப்பிரசவம் இங்கேதான். அதற்கு புக்கிட் தாங்கா மலை ஏற வேண்டும். விசிறி இல்லாமல் ஏறினால் பாதி வழியில் தண்ணீர் கொதித்துவிடும்.

இதுவரை எல்லாம் சரி. ஆனால் ரா.மா. இதற்காக லீவு போட்டிருக்கிறார். தீபாவளிக்கே லீவு போடாதவர்.

12 ஆகஸ்ட், ஞாயிறு

காலையிலிருந்து காடி வேலை. நட்டுகள் போட்ட தகர மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்க என்னைக் கூப்பிட்டார்கள். ஏன் என்னை? மூடியைத் தரையில் வைக்கலாம்.

ரா.மா. உடைந்த ரெக்கையைக் கழற்றிக் கீழே போட்டார்.

அப்பா: "பெல்ட்டு?"

"பெல்ட்டு இருக்கட்டும் மச்சான். தண்ணி பம்பு, டைனமோ எல்லாம் அதுலதான் ஓடணும். ரெக்கை மட்டும்தான் போவுது."

"அப்ப இது எதுல சுத்தும்?"

"பேட்டரிலதான். டாஷ்போர்டுக்குக் கீழ சுவிட்சு வைக்கிறேன். மலையேறும்போது தட்டிவிடுங்க. எறங்கும்போது அணைச்சிருங்க."

"மறந்துட்டா?"

"மறந்தா பானெட்டு மேல தோசை சுடலாம்."

அஞ்சலை அத்தை (பக்கத்து வீடு) வாளியோடு வந்து நின்று பார்த்தார். "ஏண்டா ராஜா, காடிக்கு வேர்க்குதா, காத்தாடி மாட்டுற?"

"உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு மாட்டவா அத்தை? கொறட்டைச் சத்தம் கேக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். பிறகு நிறுத்திக்கொண்டேன்.

ரேடியேட்டருக்குப் பின்னால், இஞ்சின் பக்கமாக, இரண்டு இரும்புப் பட்டை வைத்து விசிறியை இறுக்கினார். ஒயர் இணைக்கும்போது என்னிடம்: "செவப்பு உயிரு, கறுப்பு பாடி. இத மனப்பாடம் பண்ணிக்கிட்டா எந்தக் காடியும் செய்யலாம், டாக்டரம்மா." இந்த டாக்டரம்மா எப்போதிலிருந்து? போன வருடம் வரை 'ஏய் எலிக்குஞ்சு'.

சுவிட்சைத் தட்டினார். உர்ர் என்று சுற்றியது. அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"கூலி என்னா ஆவும் மாப்ளே?"

"கூலியா? நமக்குள்ள என்னா மச்சான்."

மத்தியானம் எல்லோரும் நான் தூங்குவதாக நினைத்தார்கள். என் பாய் பலகைச் சுவரை ஒட்டி. அம்மாவின் குரல், தணித்து: "ஆடி போவட்டும். அப்புறம் அவகிட்டச் சொல்லிக்கலாம்."

அவள் யார்? அக்காவா, நானா?

எழுதிப் பார்க்கிறேன்:

லீவு.
கூலி வேண்டாம்.
டாக்டரம்மா.
அப்பா எப்போதும் ரா.மா.வைத் 'தம்பி' என்பார். இன்று 'மாப்ளே'. எல்லா வீட்டிலும் மனைவியின் தம்பியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அப்பா கூப்பிட்டதில்லை.
ஆடியில் கல்யாணம் பேசமாட்டார்கள். காடி பேசலாம்.

தாய்மாமனுக்குக் கொடுப்பது இங்கே புதிதில்லை. மேல் லயத்து வரிசையில் இரண்டு வீட்டில் அப்படித்தான். ரா.மா.வுக்கு இருபத்தேழு. எனக்கு பதினைந்து. இப்போது பேசி முடித்துவிட்டு இரண்டு வருடம் கழித்துக் கட்டுவார்கள். ஆனால் பேசி முடித்த அன்றே பள்ளிக்கூடம் நின்றுவிடும். அக்காவுக்கு அப்படித்தான் நின்றது. எஸ்.ஆர்.பி. பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

ரா.மா. மாலை பஸ்ஸில் போனார். வெள்ளிக்கிழமை வருவாராம்.

15 ஆகஸ்ட், புதன்

கணிதம் இரண்டு பாடம் முடித்தேன். தமிழ்க் கட்டுரை பாக்கி. தூறல், ஐந்து நிமிடம்.

அம்மா பெட்டியிலிருந்து பட்டுப் புடவையை எடுத்து வெயிலில் போட்டார். பிறகு மடித்துக்கொண்டே வந்து என் தோளில் வைத்துப் பார்த்தார்.

"என்னாம்மா?"

"ஒண்ணுமில்ல. நெறம் போயிருச்சான்னு பாக்குறேன்."

நிறம் போயிருக்கிறதா என்று தோளில் வைத்தா பார்ப்பார்கள்?

16 ஆகஸ்ட், வியாழன்

எனக்கு இன்று தூரம். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மூன்று நாள் பின்கட்டில் படுக்க வேண்டும். அங்கே ஒன்றும் காதில் விழாது. நோட்டையும் எடுக்க முடியாது. துணியை ஒளித்துத் துவைத்தேன். பயமாக இருக்கிறது.

17 ஆகஸ்ட், வெள்ளி

ஆவணி ஒன்று. வரிசையாக எழுத வேண்டும்.

சாயங்காலம் காடிக்குப் பூசை. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம். பானெட்டில் திருநீற்றுப் பட்டை, சந்தனம், குங்குமம். தேங்காய். அஞ்சலை அத்தையும் லயத்துச் சனம் நாலைந்து பேரும். ரா.மா. வெள்ளைச் சட்டையில், தலையில் எண்ணெய்.

நான் கடைசியில் நின்றேன். 'தூரமா நில்லு' என்று என்னையே சொல்லிக்கொண்டு.

ரா.மா. இஞ்சினை ஓடவிட்டு விசிறியையும் தட்டிவிட்டார். "சாமிக்கும் காத்து வரட்டும்க்கா." அம்மா காடியின் முகத்துக்கு நேராக நின்று கற்பூரத் தட்டைத் தூக்கினார். ஒரு சுற்று. கற்பூரம் அணைந்துவிட்டது.

அம்மா மறுபடி கொளுத்தினார். முகத்துக்கு நேராகக் கொண்டுபோனதும் மறுபடி அணைந்தது.

அஞ்சலை அத்தை: "இங்க யாராச்சும் தூரமா நிக்கிறீங்களா?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மூன்றாவது முறை அம்மா பக்கவாட்டில் நின்று, கையால் மறைத்துக் காட்டி முடித்தார். தேங்காய் நன்றாக உடைந்தது. அம்மாவின் முகம் மட்டும் தெளியவில்லை.

கொஞ்ச நேரத்துக்கு முன், சுவருக்கு அந்தப் பக்கம்:

"ரெண்டு தடவ அணைஞ்சிருச்சுங்க. எனக்கு மனசே சரியில்ல. அந்தப் பேச்சு இப்ப வேணாம்."

"காடிக்குக் காட்டுன கற்பூரத்துக்கும் கல்யாணத்துக்கும் என்னாடி?"

"ரெண்டையும் நெனச்சுத்தாங்க கொளுத்துனேன். செல்வியும் நல்லபடி வரணும், இவளையும் ராஜாவுக்குக் கேட்டு முடிக்கணும்னு. சாமி வேணாங்குது."

"ராஜா என்னா நெனைப்பான்?"

"அவன்கிட்ட நான் பேசிக்கிறேன். விடுங்க."

செல்வி அக்காவின் பெயர். இவள் நான். சந்தேகம் எல்லாம் சரிதான்.

பேச்சு நின்றுவிட்டது. ஆனால் நின்றது என் தீட்டாலா? அப்படியென்றால் அக்காவின் பயணமும் கெட்டுவிடுமா? ரா.மா. வெளியே பெஞ்சில் படுத்திருக்கிறார். இருமுகிறார்.

18 ஆகஸ்ட், சனி

அது நானில்லை.

காலையில் அப்பா லாரிக்குப் போகும் முன் காடியை ஓடவிட்டுப் பார்த்தார். விசிறியும் சுற்றியது. நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். காடியின் முன்கம்பியில் காய்ந்த ரப்பர் இலை ஒன்று ஒட்டியிருந்தது. அது பறந்து என் காலடியில் வந்து விழுந்தது. குனிந்தேன். முகத்தில் சுடுகாற்று.

காடிக்கு உள்ளேயிருந்து வெளியே.

அப்பா போனதும் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக்கொண்டு போனேன். ரா.மா. குளிக்கப் போயிருந்தார். சுவிட்சுக்குச் சாவி வேண்டாம், நேராக பேட்டரியிலிருந்து வருகிறது. தட்டினேன். தாளை முன்கம்பியில் வைத்தேன். தள்ளியது. மறுபடி வைத்தேன். மறுபடி தள்ளியது. ரேடியேட்டருக்குப் பின்பக்கம் மாட்டிய விசிறி காற்றை முன்னாலிருந்து உள்ளே இழுக்க வேண்டும். இது வெளியே ஊதுகிறது. கற்பூரத்தை அணைத்தது இதுதான். தட்டை நேராக இதன் வாயில் நீட்டினால் எந்தக் கற்பூரம் நிற்கும்?

அறிவியல் புத்தகம், மின்மோட்டார் பாடம்: மின்னோட்டத்தை மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். பானெட்டைத் தூக்கி பேட்டரியைப் பார்த்தேன். கூட்டல் குறி போட்ட முனையிலிருந்து தடித்த கம்பி நேராகக் காடியின் உடம்புக்குப் போகிறது. கழித்தல் முனைதான் மற்ற எல்லாவற்றுக்கும். ரா.மா. பட்டறையில் ஜப்பான் காடிகள்தான் வரும். அவற்றில் கழித்தல்தான் உடம்பு. அவருடைய 'செவப்பு உயிரு, கறுப்பு பாடி' அங்கே சரி. இந்தப் பழைய காடியில் தலைகீழ்.

நாளை அக்காவை அழைக்கப் போகிறோம், மலையேற்றத்தில் காற்று முன்னாலிருந்து வரும். விசிறி அதை எதிர்த்து வெளியே தள்ளும். இரண்டும் சண்டை போட்டுக்கொண்டு நிற்கும். இஞ்சின் கொதிக்கும். திரும்பி வரும்போது உள்ளே அக்கா.

சொல்ல வேண்டும்.

சொன்னால் ரா.மா. ஒயரை மாற்றுவார், ஐந்து நிமிட வேலை. அம்மா கேட்பார்: "அப்ப அன்னிக்குக் கற்பூரத்த அணைச்சது காத்தா?" ஆமாம் என்பார்கள். சாமி வேண்டாம் என்று சொல்லவில்லை என்றாகிவிடும். பேச்சு மறுபடி தொடங்கும். நாளை அக்காவும் இருப்பார், நல்ல நாள், ஆவணி.

சொல்லாவிட்டால் அக்கா.

காலை முழுக்க இதே.

மத்தியானம். அம்மா ரப்பர் பால் வெட்டி வந்து படுத்துவிட்டார். அப்பா இன்னும் வரவில்லை. ரா.மா. எலுமிச்சம்பழம் வாங்க லிங்கிக்கு சைக்கிளில். இஞ்சின் ஆறியிருந்தது. மோட்டாருக்குப் பக்கத்தில் இரண்டு ஒயரும் இரண்டு சொருகல், மேலே கறுப்பு டேப். டேப்பை உரித்தேன். இழுத்தேன். சிவப்பு இருந்த இடத்தில் கறுப்பு, கறுப்பு இருந்த இடத்தில் சிவப்பு. டேப் திரும்ப ஒட்டவில்லை. காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி இரண்டு துண்டு சுற்றினேன். வெள்ளையாகத் தெரிகிறது. கரி தடவினேன்.

சுவிட்சு. மூன்று எண்ணும் வரை. தாள் முன்கம்பியில் போய் ஒட்டிக்கொண்டு விழவே இல்லை.

இப்போது காடியும் சரி, கற்பூரம் அணைந்ததும் அணைந்ததாகவே இருக்கும். யாருக்கும் தெரியாது.

ரா.மா. வந்ததும் நேராகக் காடிப் பக்கம் போனார். பழத்தை உள்ளே வைத்துவிட்டு வந்தார். "என்னா டாக்டரம்மா, பேயப் பாத்த மாதிரி நிக்கிற?"

ஏன் கேட்டார்?

19 ஆகஸ்ட், ஞாயிறு

வீடு வந்தாகிவிட்டது. அக்கா அந்தப் பக்க அறையில் தூங்குகிறார். நன்றாக இருக்கிறார். முதலில் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

விடியும் முன் கிளம்பினோம். அப்பா ஓட்டினார், பக்கத்தில் ரா.மா., பின்னால் அம்மாவும் நானும். மலையடிவாரத்தில் அப்பா சுவிட்சைத் தட்டினார். நான் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவைத் தாண்டவில்லை. எதிரே மூங்கில் லாரிகள். அப்பா: "மாப்ளே, கையா இது, மந்திரமா?" ரா.மா. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

கோலா கிளாவாங்கில் அக்கா வீட்டில் சாப்பாடு. கோழி. திரும்பும்போது அக்கா நடுவில். மலை உச்சியில் அக்காவுக்கு வாந்தி வருவது போலிருந்தது, நிறுத்தினோம். நிறுத்தியதும் ரா.மா. இறங்கி, தண்ணீர் பார்க்க பானெட்டைத் தூக்கினார்.

தூக்கியவர் அப்படியே நின்றார்.

"மச்சான், இந்த ஒயர்ல கை வச்சீங்களா?"

"நான் ஏன் வைக்கிறேன்?"

"பிளாஸ்திரி சுத்தியிருக்கு. செவப்பும் கறுப்பும் மாறியிருக்கு." குனிந்து பார்த்தார். முன்னால் வந்து கம்பிக்கு நேராகக் கையை வைத்தார். பேட்டரியைப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடச் சே. பாசிட்டிவ் பாடி!"

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் பிளாஸ்திரிப் பெட்டி என் பள்ளிப் பையில்தான் இருக்கும்.

"நான்தான்" என்றேன்.

அப்பா கை ஓங்கிக்கொண்டு வந்தார். "மலையேற வேண்டிய காடியிலயா வெளையாடுற?" அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுக்கே வந்தார். ரா.மா. அப்பாவின் கையைப் பிடித்தார்.

"அடிக்காதீங்க மச்சான். அது போட்டதுதான் சரி. நான் போட்டதுதான் தப்பு. இவ்ளோ நாளும் காத்து வெளிய போயிருக்கு."

அம்மா மெதுவாக: "வெளியன்னா? அன்னிக்குக் கற்பூரம் அணைஞ்சது அந்தக் காத்துலதானா?"

ரா.மா. தலையாட்டினார். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்குத் தெரியுமாடி? தெரிஞ்சும் வாயத் தொறக்கலையா? ஏன்?"

லாரி ஒன்று போனது. அது போகும் வரை அம்மா காத்திருந்தார். "ஏன்?"

"சொன்னா திரும்பப் பேசுவீங்க."

"எத?"

"மாமாவுக்கு என்னக் குடுக்கறத."

அக்கா: "என்னாம்மா இது? எனக்கு ஒண்ணும் சொல்லலையே?"

ரா.மா. பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது. என்னைப் பார்க்காமல், ரேடியேட்டரைப் பார்த்துக் கேட்டார். "ஒனக்கு வேணாமா?"

இத்தனை நாள் இந்த நோட்டில்தான் எழுதினேன். ஒருவரிடமும் சொன்னதில்லை.

"வேணாம் மாமா. பள்ளிக்கூடம் போவணும்."

அவர் பானெட்டை மூடினார். மெதுவாகத்தான் மூடினார், ஆனால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சரி. ஏறுங்க. மழ வருது."

சிரம்பானில் மழை. ரா.மா. அங்கேயே இறங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

அந்தச் 'சரி'யை நம்பலாமா? அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. சோற்றுத் தட்டை வைத்துவிட்டுப் போனார்.

20 ஆகஸ்ட், திங்கள்

ரா.மா. முதல் பஸ்ஸில் போய்விட்டார். போகும் முன் அடுப்படியில் அம்மாவிடம். நான் எழுந்துதான் இருந்தேன்.

"யாரு கேட்டாலும் நான்தான் வேணாம்னேன்னு சொல்லுக்கா. அது வேணாம்னுச்சுன்னா லயத்துல நாறடிச்சிருவாளுங்க."

அம்மா அழுதார் என்று நினைக்கிறேன். மூக்கு உறிஞ்சும் சத்தம்.

சாயங்காலம் தண்ணீர்க் குழாயடி. அஞ்சலை அத்தை அம்மாவிடம்: "ராஜாவுக்கு எப்ப பரிசம்?"

"அவன் வேணாம்னுட்டான். பட்டணத்துப் பொண்ணா பாக்கணுமாம்."

"ஏன், இந்தப் புள்ளைக்கு என்னா கொற?" என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். நாளைக்கு லயம் முழுக்க என்ன குறை என்று தேடும்.

ரா.மா. ஏன் அப்படிச் சொன்னார்? அவருக்கு இதில் என்ன கிடைக்கும்? சுற்றிச் சுற்றி யோசிக்கிறேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது இன்னும் பயமாக இருக்கிறது.

23 ஆகஸ்ட், வியாழன்

அம்மா இன்னும் பேசவில்லை. எதையும் அக்கா வழியாகத்தான். "அவள வந்து சாப்பிடச் சொல்லு."

அக்காவுக்குக் கால் வீக்கம். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அக்கா: "என்னப் பேசி முடிச்ச அன்னிக்கு எனக்கெல்லாம் வாயே வரலடி." அதற்கு மேல் சொல்லவில்லை.

புவியியல் மூன்று பாடம். பிளாஸ்திரிக்கு மேல் அப்பா கறுப்பு டேப் சுற்றிவிட்டார். ஒயரைத் திருப்பவில்லை. போய்ப் பார்த்தேன்.

26 ஆகஸ்ட், ஞாயிறு

நாளை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. புத்தகப் பையை எடுத்து நடுவீட்டில் வைத்தேன். யாராவது எடுத்து ஒளிக்கிறார்களா என்று பார்க்க. மத்தியானம் வரை அங்கேயே இருந்தது. அப்பா அதைத் தாண்டித் தாண்டிப் போனார்.

நான்கு மணிக்கு அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே, என்னைப் பார்க்காமல்: "சட்டைக்கு நீலம் போட்டுருக்கேன். கொடியில கெடக்கு. மழைக்கு முன்ன எடு."

யாருடைய சட்டை என்று சொல்லவில்லை. கேட்கப் பயம். போய்ப் பார்த்தேன். அப்பாவுடையது இல்லை. என் பள்ளிக்கூடச் சட்டை. இரண்டும்.